அறுபதாம் பிறந்தநாளன்று ரைமோ ஊரில் இல்லை

டெனரிஃப் தீவின் கடற்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருக்க வேண்டிய ரைமோ ஹர்யுலா, தன் வீட்டுச் சமையலறையில் திரைச்சீலையை இழுத்து மூடி, விளக்கும் போடாமல் காபி குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

போன் புதிது. மனைவி தூலா பிறந்தநாள் பரிசாக முந்தின நாள்தான் வாங்கிக் கொடுத்திருந்தாள். அழைப்பு வந்தால் எப்படி எடுப்பது என்பது வரைக்கும் ரைமோ கற்றுக்கொண்டிருந்தார். அதற்கு மேல் அது என்னென்ன செய்யும் என்பது அதைச் செய்தவனுக்கே வெளிச்சம்.

எடுத்திருக்கக் கூடாது. ஆனால் நாற்பது வருஷமாக அவர் குடிநீர் வாரியத்தின் குழாய்ப் பிரிவில் இருப்பவர். எல்லாம் உறைந்து கிடக்கும் பிப்ரவரி மாதத்தில் போன் அடித்தால் எங்கோ ஒரு குழாய் வெடித்திருக்கிறது என்று அர்த்தம். கை தானாகப் போய் எடுத்துவிட்டது.

இந்த இடத்தில், அவர் ஏன் இருட்டில் உட்கார்ந்திருந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பின்லாந்தில் ஒருவனுக்கு ஐம்பதோ அறுபதோ ஆகிவிட்டால் அவன் தப்பிக்க ஒரே வழிதான் உண்டு. 'பிறந்தநாளன்று பயணத்தில் இருக்கிறேன்' என்று உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு வரி விளம்பரம் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் அன்றைக்கு அவன் வீட்டுக் கதவு ஊருக்கே பொது. அழைக்காமலே வருவார்கள். காபி குடிப்பார்கள். பலகாரம் வழக்கப்படி ஏழு வகை இருக்கிறதா என்று கண்ணாலேயே எண்ணுவார்கள். பிறகு சுவரோரமாக நின்றுகொண்டு, யாராவது எழுந்து பேசுவார்கள் என்று காத்திருப்பார்கள்.

பேசுவதற்கு ஆள் இருந்தார், வாரியத்தின் டைரக்டர் பலோசாரி. வாரியத்தில் யாருக்கு அறுபது ஆனாலும் கேக்கும் பதக்கமுமாக வந்து நின்றுவிடுவார். கோட்டுப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்து, அதிலிருந்து தலையை நிமிர்த்தாமல், வியர்க்க விறுவிறுக்க, எல்லோருடைய காபியும் ஆறி ஆடை கட்டும்வரை வாசிப்பார். தான் எழுதியதன் மேல் மனிதருக்கு அவ்வளவு காதல் என்று வாரியத்தில் பேசிக்கொள்வார்கள்.

அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுவிடலாம். அது முடிந்ததும் பிறந்தநாள்காரர் பதிலுக்குப் பேச வேண்டும். ரைமோ பயந்தது அதற்குத்தான். தன் கல்யாணத்தில் அவர் ஆற்றிய உரை 'நன்றி' என்ற ஒரே சொல்; அதையும் மாமனாரைப் பார்த்துச் சொல்லாமல் தட்டிலிருந்த உருளைக்கிழங்கைப் பார்த்துத்தான் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன் சக ஊழியர் டௌனோ ரெகோலா தன் அறுபதாம் பிறந்தநாளில் பதில் பேச எழுந்தார். பேச்சு வரவில்லை, அழுகை வந்துவிட்டது. குழாய் வெல்டிங்கில் பெயரெடுத்தவரான அவரை அன்றிலிருந்து ஊரே 'அழுத டௌனோ' என்றுதான் சொல்கிறது.

ஆகவே ரைமோ விளம்பரம் கொடுத்தார். கேட்டவர்களிடம் டெனரிஃப் என்றார். அங்கே போகத்தான் அவருக்கு மனமில்லை. விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஆள் இருப்பான். கடற்கரையிலும் பக்கத்து நாற்காலியில் ஆள் இருப்பான். அதற்குப் பிறந்தநாளே கொண்டாடிவிடலாம்.

"பத்திரிகையில ரெண்டு பேர் பேரும் போட்டுத்தான் விளம்பரம் வந்திருக்கு. ஒருத்தராவது நிஜமா ஊர்ல இல்லாம இருக்கணும்," என்று சொல்லிவிட்டுத் தூலா தன் பாட்டுக்குழுத் தோழிகளோடு கடல் தாண்டித் தாலின் நகருக்குக் கப்பலேறக் கிளம்பிவிட்டாள். ரைமோவின் திட்டம் எளிமையானது. வீட்டிலுள்ள சௌனா என்ற நீராவிக் குளியல் அறையைச் சூடாக்குவது, ஒரு வறுத்த தொத்திறைச்சி, நாள் முழுக்க ஒரு வார்த்தையும் பேசாமல் இருப்பது. சௌனாவுக்கு வேண்டிய வாளியைக் குளியலறைக் குழாயின் கீழ் வைத்துத் திறந்துவிட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு காபி குடிக்க வந்தவரைத்தான் போன் பிடித்துக்கொண்டது.

அழைத்தது கீழ்வீட்டு இர்மா. ஓய்வு பெற்ற தபால் அலுவலகக்காரி. கண் கொஞ்சம் மங்கல்தான்; அதற்கும் சேர்த்துக் காது வேலை செய்யும்.

"ரைமோ, டெனரிஃப்லதானே இருக்கே?"

"ஆமா."

"சந்தோஷம்ப்பா. உன் வீட்லேருந்து என் பாத்ரூம்ல தண்ணி சொட்டுது."

ரைமோ நுனிக்காலில் குளியலறைக்கு ஓடினார். வாளி நிரம்பி, தரை நிரம்பி, சோப்பு நீந்திக்கொண்டிருந்தது. தண்ணீர் போகும் துளையின் மேல் ஒரு துண்டு விழுந்து அடைத்திருந்தது. நகரத்தின் பாதிக் குழாய்களுக்குப் பொறுப்பான மனிதர் தன் வீட்டுக் குழாயை மூடினார், துண்டைப் பிடுங்கினார்.

"நின்னுடுச்சு," என்றாள் இர்மா.

"நல்லது."

இர்மா யோசித்தாள். ரைமோவும் அவள் யோசித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

"எப்படிப்பா நின்னுது?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் சொல்லும் பொய் எப்போதும் அளவில் பெரியதாகிவிடுகிறது. வாரியத்தில் புது ஏற்பாடு வந்திருப்பதாகவும், எந்தக் குழாயையும் இப்போது எங்கிருந்தும் போனிலேயே மூடிவிடலாம் என்றும் ரைமோ சொன்னார். இர்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"அப்படின்னா என் சமையலறைக் குழாய் கிறிஸ்மஸ்லேருந்து ஒழுகிக்கிட்டே இருக்கு. அதையும் அப்படியே மூடிவிட்டுடேன்."

அது பழைய மாடல், கொஞ்சம் சிரமம் என்றார் ரைமோ. உனக்குச் சிரமம்னா நான் வாரியத்துக்கே போன் பண்ணி உங்க டைரக்டரைக் கேட்டுக்கறேன் என்றாள் இர்மா.

"வேண்டாம், வேண்டாம். லைன்லயே இருங்க. இதோ பாக்கறேன்."

பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் போனை வைத்துவிட்டால் அவள் அடுத்த நிமிஷம் வாரியத்துக்கு அடிப்பாள் என்பது மட்டும் தெரிந்தது. துடைப்பானை எடுத்துத் தரையைச் சத்தமில்லாமல் துடைத்துக்கொண்டே அவர் வழி தேடியபோது, போன் காதுக்குள் குக் குக் என்றது. திரையில் இன்னொரு பெயர். பலோசாரி.

வேண்டாம் என்ற சிவப்பு வட்டத்தைத்தான் ரைமோ தொட்டார். விரல் ஈரமாக இருந்ததால் வழுக்கிப் பச்சைக்குப் போய்விட்டது. 'முதல் அழைப்பு காத்திருக்கிறது' என்று போன் அறிவித்தது. இர்மா எங்கோ உள்ளே போய்விட்டாள்.

"ஹர்யுலா. வாழ்த்துகள்," என்றது டைரக்டரின் குரல்.

"நன்றி."

பிறகு இருவரும் பேசாமல் இருந்தார்கள். மற்ற நாட்டுக்காரர்கள் போனில் எதிர்ப்பக்கம் சத்தம் இல்லாவிட்டால் 'ஹலோ, ஹலோ, கேக்குதா' என்று பதறிப்போவார்களாம். நாங்கள் பதறுவதில்லை. சொல்ல ஒன்றும் இல்லாதபோது சும்மா இருப்பதுதானே மரியாதை. எங்கள் தொலைபேசிப் பேச்சில் பாதிக்கு மேல் இந்த மரியாதைதான்.

"நிச்சயமா அங்கதான் இருக்கீங்க?" என்றார் பலோசாரி கடைசியில்.

"நிச்சயமா."

"இன்னிக்கே திரும்பிடற மாதிரி ஒண்ணும்..."

"இல்லை. அடுத்த வாரம்தான்."

"ப்ளைட்டை முன்னாடி மாத்திக்கற எண்ணம்கூட இல்லையே?"

ரைமோ போனை அடுத்த காதுக்கு மாற்றினார். விடமாட்டார் போலிருக்கிறதே. பேச்சை எழுதி, மடித்து, பையில் வைத்துக்கொண்டு எந்த விமானநிலையத்தில் போய்ப் பிடிக்கலாம் என்று அலைகிறார். அப்படி ஒரு எண்ணமே இல்லை என்று ரைமோ சொன்னார். கீழே முற்றத்தில் பனி தள்ளும் வண்டி தரையைச் சுரண்டிக்கொண்டு போனது.

"அது என்ன சத்தம்?"

"அலை," என்றார் ரைமோ.

"அலை," என்று ஒத்துக்கொண்டார் பலோசாரி.

அதே சுரண்டல் சத்தம் போனுக்குள்ளிருந்தும் வந்தது. புது போன் எதிரொலிக்கிறது, நாளைக்குக் கடையில் கேட்க வேண்டும் என்று ரைமோ நினைத்துக்கொண்டார். ஒரு நிமிஷம் என்று டைரக்டரிடம் சொல்லிவிட்டு, 'மாற்று' என்று எழுதியிருந்ததை அழுத்தினார். டைரக்டர் உள்ளே போனார், இர்மா வெளியே வந்தாள்.

"இன்னும் ஒழுகிக்கிட்டுத்தான் இருக்கு. அது கிடக்கட்டும்," என்றாள் இர்மா. குரல் இறங்கியிருந்தது. "ரைமோ, உன் வீட்டுக்குள்ள யாரோ நடக்கறாங்க."

ரைமோ ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்.

"குழாய்ல காத்து ஓடற சத்தமா இருக்கும்."

"காத்துக்கு ரெண்டு கால் எப்படிப்பா வந்தது? திருடன்தான். பத்திரிகையில ஊர்ல இல்லேன்னு போட்டா இப்படித்தான் ஆகும். பயப்படாதே, ஜன்னல் வழியா கிம்மோவைக் கூப்பிட்டாச்சு. அவன்கிட்ட எல்லா வீட்டுக்கும் சாவி இருக்கு. நீ லைனை விட்டுடாதே, போலீசுக்கு நீதான் சொல்லணும்."

கிம்மோ என்பவன் குடியிருப்பின் காவலாள், துப்புரவாளன், பனி தள்ளுபவன் எல்லாம். முற்றத்தில் சுரண்டல் சத்தம் நின்றுபோனது ரைமோவுக்கும் கேட்டது.

ஆக, நிலைமை இது. காதில் இர்மா, வைத்தால் போலீஸ். உள்ளே பலோசாரி, வைத்தால் சந்தேகம். படிக்கட்டில் கிம்மோ, கையில் சாவி. வீடு திறந்தால் ரைமோ ஊரில் இருப்பது தெரிந்துவிடும். தெரிந்தால் விளம்பரம் செல்லாது. ஊரே வரும். கேக் வரும். காகிதம் பிரியும். அதற்கப்புறம் ரைமோ எழுந்து நின்று, தொண்டையைச் செருமி...

அப்போது பார்த்துத்தான் தூலா கூப்பிட்டாள்.

போன் இப்போது கறாராகப் பேசியது. ஏற்கெனவே இரண்டு அழைப்பு இருக்கிறது, ஒன்றைத் துண்டித்தால்தான் மூன்றாவதை எடுக்கலாம் என்றது. துண்டிக்கக்கூடிய ஆள் இருவரில் ஒருவரும் இல்லை. தூலாவை விடலாம் என்றால், எடுக்காவிட்டால் அவள் கவலைப்பட்டு இர்மாவைத்தான் கூப்பிடுவாள். ரைமோ திரையை மேலும் கீழும் தேடினார். 'இணை' என்று ஒரு பொத்தான் இருந்தது.

அவர் முகம் தெளிந்தது. இதைப் போய் இவ்வளவு நேரம் பார்க்காமல் இருந்தோமே. இரண்டு குழாய் தொல்லை கொடுத்தால் என்ன செய்வோம்? இரண்டையும் ஒன்றாக இணைத்து, ஒரே வால்வைப் போட்டு அடைத்துவிடுவோம். நாற்பது வருஷ அனுபவம் வீண்போகவில்லை. அழுத்தினார்.

திரையில் இர்மாவும் பலோசாரியும் ஒரே பெட்டிக்குள் வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த கணம் அப்பேர்ப்பட்ட அமைதி. திருடனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இர்மா பாதி வாக்கியத்தில் நின்றுபோனாள்.

நின்றதற்குக் காரணம், லைனில் முன்பின் தெரியாத ஓர் ஆண் தொண்டையைச் செருமியதுதான். பலோசாரியும் அதே சமயம், முன்பின் தெரியாத ஒரு பெண்மணி லைனில் இருப்பதை உணர்ந்து வாயை மூடிக்கொண்டார். 'நீங்க யாரு' என்று அறிமுகமில்லாதவர்களிடம் கேட்பது எங்கள் பக்கத்தில் கிட்டத்தட்ட வம்புக்கு இழுப்பது. போனை வைப்பதும் மரியாதை இல்லை. ஆகவே இருவரும் யாராவது ஏதாவது செய்வார்கள் என்று அமைதியாகக் காத்திருந்தார்கள். வேறு எந்த ஊரிலாவது என்றால் ரைமோவின் தவறு அந்த நொடியிலேயே வெளிப்பட்டிருக்கும். இங்கே அது அவருக்கு வெற்றியாகத் தெரிந்தது.

நிம்மதியாகத் தூலாவை எடுத்தார். கப்பல் ஏறிவிட்டோம், கடல் பனிக்கட்டியாக இருக்கிறது என்று அவள் ஆரம்பிக்கும்போதே, திரையில் மறுபடி அந்த அருமையான பொத்தான் கண்ணில் பட்டது. அடைத்த வால்வைக் கசியாமல் இன்னொரு சுற்று இறுக்கிவிடுவது குழாய்க்காரன் பழக்கம். ரைமோ 'இணை'யை இன்னொரு தடவை அழுத்தி இறுக்கினார்.

"எப்படி இருக்கே?" என்றாள் தூலா.

அன்று காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்துவிட்டது. வாளியை மறந்தது, தரையெல்லாம் வெள்ளம், இப்போது துண்டோடு துடைப்பானைப் பிடித்துக்கொண்டு நிற்பது என எல்லாவற்றையும் சொன்னார். இர்மாவின் காது காதே இல்லை, வானொலி நிலையம் என்றார். குழாயைப் போனிலேயே மூடலாம் என்று அவளிடம் புளுகியதையும் அதை அவள் நம்பியதையும் சொன்னார்.

"அந்தப் பலோசாரி இருக்காரே, விடாக்கண்டன். எப்ப வருவே, எப்ப வருவேன்னு துளைச்சு எடுக்கறார். அவர் பக்கத்துல நின்னு அந்தப் பேச்சைக் கேக்கறதுக்குப் பனிக்கட்டியை உடைச்சு ஏரியில குதிச்சுடலாம். தான் எழுதினதை அவ்வளவு ரசிச்சு வாசிப்பார் மனுஷன்."

எங்கோ யாரோ லேசாக இருமினார்கள். கப்பலில் சளி பிடித்த ஆள் யாராவது இருக்கலாம்.

"பதிலுக்கு ரெண்டு வார்த்தை பேசிட்டு உக்காந்தா முடிஞ்சது," என்றாள் தூலா. "நாப்பது வருஷம் வேலை பாத்திருக்கே. சொல்ல ஒண்ணுமே இல்லையா உனக்கு?"

"இல்லாமலா?" ரைமோ குளியலறை வாசற்படியில் உட்கார்ந்தார். "அந்த ஜனவரியில பெரிய குழாய் வெடிச்சுதே, ஞாபகம் இருக்கா? பள்ளத்துக்குள்ள நின்னு என் கை விறைச்சுப்போச்சு. டௌனோ ஒண்ணும் பேசலை, தன் கையுறையைக் கழட்டி என் கையில மாட்டிவிட்டுட்டு வெறுங்கையோட வேலை செஞ்சான். அவனுக்கு ரெண்டு விரல் இன்னிக்கும் மரத்துத்தான் இருக்கு. பலோசாரி அப்ப புதுசா வந்த இன்ஜினியர். மேல நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கலாம். கோட்டோட பள்ளத்துல இறங்கி வாளியில தண்ணி எறைச்சார். அதை அவர் யார்கிட்டயும் சொல்லிக்கிட்டதே இல்லை. நான் ஒரு நன்றி சொன்னதில்லை. இவங்களோட சேர்ந்து வேலை செஞ்சதுதான் என் வாழ்க்கையில நல்ல விஷயம், நீ கோச்சுக்காதே. இதையெல்லாம் ஒரு கேக் முன்னாடி நின்னுக்கிட்டு எப்படித் தூலா சொல்றது? தொண்டை அடைச்சுக்கும். அப்புறம் நானும் அழுத ரைமோதான்."

சொல்லி முடித்ததும் மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டார். தூலா போனில் உற்றுக் கேட்டாள்.

"ரைமோ, யார் மூச்சு விடறது?"

"நான்தான்."

"உன் மூச்சு முப்பது வருஷமா எனக்குத் தெரியும். இது வேற. ரெண்டு பேர் மாதிரி இருக்கு. உன் போன்ல எத்தனை பேர் பேர் தெரியுது, பாரு."

ரைமோ போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். ஒரே பெட்டிக்குள் மூன்று பெயர்கள். இர்மா, பலோசாரி, தூலா. மூன்று பேர் பக்கத்திலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. 'இணை' எதை இணைத்தது என்று இப்போது அவருக்குப் புரிந்தது.

ஒருவரும் குற்றம் சாட்டவில்லை, சிரிக்கவில்லை, போனை வைக்கவும் இல்லை. முதலில் இர்மாதான் மெல்லக் குரல் கொடுத்தாள்.

"டெனரிஃப்ல மழையா, ரைமோ?"

ரைமோ எழுந்து நின்றார். "இல்லை," என்றார். "நல்ல வெயில்."

"வெயில்ல ஜாக்கிரதையா இருங்க, ஹர்யுலா," என்றார் பலோசாரி.

இப்படி எல்லோருமாகச் சேர்ந்து அவரை மறுபடி டெனரிஃப்புக்கே அனுப்பிவைத்த அந்த நல்ல நேரத்தில், வாசல் பூட்டில் சாவி திரும்பியது. லைனில் இல்லாத ஒரே ஆள் கிம்மோ. அவனிடம் இர்மா சொன்னதெல்லாம் உள்ளே திருடன் இருக்கிறான் என்பதுதான்.

கதவு திறந்தது. பனிக்கால பூட்ஸும் கையில் மண்வாரியுமாக கிம்மோ நின்றான். அவனுக்குப் பின்னால் போனைக் காதில் வைத்தபடி இர்மா. எதிரே, இடுப்பில் துண்டும் ஒரு கையில் துடைப்பானும் இன்னொரு கையில் போனுமாக, அறுபது வயது பூர்த்தியான ரைமோ ஹர்யுலா.

"வந்தாச்சா?" என்று பலோசாரியின் குரல் இரண்டு போனிலிருந்தும் கேட்டது. "கேர்டேக்கரைக் கேளுங்க. வீட்ல யாராவது இருக்காங்களா?"

இர்மா போனை கிம்மோவின் வாய்க்கு நேராக நீட்டினாள். கிம்மோ ரைமோவை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். துண்டைப் பார்த்தான். ஈரத்தரையைப் பார்த்தான். ரைமோ ஒன்றும் கெஞ்சவில்லை; அதற்கும் பேச வேண்டியிருக்கும். அவர் கண் மட்டும் கெஞ்சியது.

"யாரும் இல்லை," என்றான் கிம்மோ. "வீடு காலி."

இர்மா ரைமோவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "ஆமா, காலிதான்," என்றாள்.

பலோசாரி நீளமாக ஒரு மூச்சு விட்டார். "அப்ப விழா கிடையாது," என்றார். குரல் நடுங்கியது.

நான் காபி குடிக்கப் போறேன் என்று தூலா போனாள். ஒவ்வொரு பெயராகத் திரையிலிருந்து அணைந்தது. ரைமோவுக்கு அந்த நடுங்கிய குரல்தான் காதிலேயே நின்றது. பாவம், எழுதியதை வாசிக்க முடியாமல் போனதில் மனிதர் உடைந்துபோய்விட்டார். அவர் முகத்துக்கு நேராகவே விடாக்கண்டன் என்று சொல்லியாகிவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. உண்மையாகவே டெனரிஃப்புக்குப் போயிருக்கலாம். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரனாவது இவ்வளவு கேட்டிருக்க மாட்டான்.

"சொன்னதெல்லாம் கேட்டுதா?" என்றார் இர்மாவிடம்.

"எனக்குத்தான் காது வானொலி நிலையமாச்சே." அவள் கோபித்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. "டெனரிஃப்லேருந்து வந்ததும் என் குழாயைப் பாத்துக் குடு. போன்ல வேண்டாம், நேர்ல."

ரைமோ தலையாட்டினார். கிம்மோவிடம் திரும்பி, கையைப் பிடித்துக் குலுக்கினார். சட்டையில்லாமல் வாசலில் நின்று ஒருவன் கையைப் பிடிப்பது அவர் வாழ்க்கையில் முதல் தடவை. இப்படி ஒரு உதவியைத் தன் ஆயுசுக்கும் மறக்கப் போவதில்லை என்று சொல்ல நினைத்து, "நன்றி," என்றார்.

அதற்குள் இர்மா சமையலறைக்குள் போய்த் திரைச்சீலையை ஒரு ஓரமாக விலக்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது யாருப்பா? காலையிலேர்ந்து அந்தக் கார் அங்கயேதான் நிக்குது. இப்ப ஒரு ஆள் இறங்கியிருக்கான். கோட்டும் டையும் போட்டுக்கிட்டு."

ரைமோ அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். முற்றத்தில், கிம்மோ பாதியில் விட்டுப்போன பனிமேட்டுக்குப் பக்கத்தில், டைரக்டர் பலோசாரி நின்றிருந்தார். பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். அதை நாலாகக் கிழித்து, குப்பைத் தொட்டிக்குள் ஒவ்வொன்றாகப் போட்டார். பிறகு காரின் முன்பக்க மூடியில் கேக் பெட்டியை வைத்துத் திறந்து, அந்தக் குளிரில், கையாலேயே பிட்டுத் தின்ன ஆரம்பித்தார்.

ரைமோ ஜன்னலிலிருந்து துள்ளிப் பின்வாங்கினார். அந்தச் சுரண்டல் சத்தத்தை எதிரொலித்தது போன் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மனிதர் இவ்வளவு நேரமும் வாசலிலேயே காத்திருந்திருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டும் இருக்கிறார். கேக் தீர்ந்ததும் மேலே வரப் போகிறார்.

"கிம்மோ, கதவைப் பூட்டு. வந்துடுவார்."

கிம்மோ மண்வாரியைத் தோளில் சாய்த்துக்கொண்டான்.

"அவரா வருவார்? காலையில நான் பனி தள்ளிக்கிட்டிருக்கும்போதே வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டார், 'உள்ள ஹர்யுலாவே நின்னாலும் வீடு காலின்னு சொல்லிடுப்பா, இல்லேன்னா நான் பேசியாகணும்'னு."